கிண்ணத்தை நோக்கிய சிங்கம்

சிங்கமாவது என்று முடிவு செய்தேன். அறுபத்தெட்டாம் வயதில் ஒரு மனிதன் எடுக்கக்கூடிய முடிவுகளுள் இதனினும் பெரியது இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் மெல்கியோர் ஸ்டெட்லர். எம்மெ நதிப் பள்ளத்தாக்கில் முப்பத்தெட்டு ஆண்டுகள் தபால் சுமந்தவன். ஓய்வு பெற்றபின், குலச்சின்னங்களைப் பற்றிய தடித்த நூலொன்றை எவருடைய துணையுமின்றி மூன்று முறை கற்றேன். எங்கள் பக்கத்தில் ரொட்டி சுடுபவனுக்கும் குலச்சின்னம் உண்டு. மாடு மேய்ப்பவனுக்கும் உண்டு. வாசல் உத்தரத்திலோ சன்னல் கண்ணாடியிலோ அது கேடய வடிவில் வீற்றிருக்கும். ஸ்டெட்லர் குடும்பத்துக்கு மட்டும் இல்லை. இல்லாதவர்கள் புதிதாக வரைந்துகொள்ளலாம்; பிறருடையதைத் திருடாதிருந்தால் போதும்.

இந்நிலையில் எங்கள் பாடகர் சங்கம் புதிய மண்டபம் கட்டியது. அதன் தெற்குச் சன்னலுக்கு, குலச்சின்னத்தோடு வீட்டுக்கொரு வண்ணக் கண்ணாடி தரவேண்டும் என்று தீர்மானமாயிற்று. அன்றுமுதல் என் கால் தரையில் பாவவில்லை. காலையில் மூடுபனி பள்ளத்தாக்கை நிரப்பும்போதெல்லாம் நான் மனத்தால் அந்த மண்டபத்தில் இருந்தேன். பனி விலகும். கதிரவன் என் கண்ணாடியின் வழியே உள்ளே வருவான். செந்நிறச் சிங்கமொன்று சன்னலிலிருந்து ஒளியாய் இறங்கி, ஓசையின்றி நடந்து வந்து, என் மடியில் அமரும். பாடகர்கள் பாட்டை மறப்பார்கள். பூட்ஸை வெளியே கழற்று என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

பூட்ஸை எங்கே கழற்றவேண்டும், எந்த நாற்காலியில் அமரக்கூடாது என்பதையெல்லாம் மணமாகி நாற்பத்தோராண்டுகளாகக் கேட்டு நடப்பவன் நான். ஊரார் கண்முன், ஒரே ஒருமுறை, ஒரு வீட்டின் தலைவனாகக் காட்சி தரவேண்டும். என் ஆசை அவ்வளவே.

படத்தை வரைந்து அடுக்களை மேசைமேல் விரித்தேன். என் மனைவி வெரேனா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்ன இது?"

"சிங்கம். வீரம்னு அர்த்தம்."

"பிரன்னர் வீட்டு நாய்க்குப் பயந்து பேரிக்கா மரத்துல ஏறி உக்காந்தியே, அந்த வீரமா?"

"அது பெரிய நாய்."

"அதுக்குக் காலே கிடையாது மெல்கியோர். நடந்தா வயிறு தரையில தேயும்."

"பின்னாடி பாரு, தங்க நிறம். அது கொடைக்குணம்."

"பாதிரியார் சம்சாரத்துக்கு ஒரு வெங்காயம் குடுத்துட்டு மூணு நாள் அதையே பேசிட்டிருந்த."

"நகம் நீலம். விசுவாசம்."

"அது மட்டும் சரி. கால் நகம் வெட்ட என்னைத்தானே கூப்பிடுற." கத்தியைக் கீழே வைத்தாள். "அது கிடக்கட்டும். வீட்டுக்கு ஒரு கண்ணாடின்னுதானே சொன்னாங்க? அந்த வீட்டுல நான் இருக்கேனா, இல்லையா?"

அஞ்சியது நிகழ்ந்துவிட்டது. வெரேனாவின் பிறந்த குடும்பத்தார் மண்பாண்டம் வனைபவர்கள். அவர்களுடைய சூளைக் கொட்டகை உத்தரத்தில், நீலக் கேடயத்தில் ஒரு வெள்ளைக் கிண்ணம் இருநூறு ஆண்டுகளாக இருந்து வருகிறது. கழுகில்லை, வாளில்லை. கூழ் குடிக்கும் கிண்ணம்.

எனினும் சற்றே சிந்தித்தேன். கணவன் மனைவி இருவர் சின்னங்களையும் சேர்த்து வரைந்தால் கணவன் கேடயமே முதலிடம் பெறும்; பார்ப்பவருக்கு இடப்புறம் நிற்கும். நூல் அவ்வாறே கூறுகிறது. அன்றியும், அருகில் ஒரு கிண்ணம் இருந்தால் சிங்கத்தின் கம்பீரம் இரட்டிக்குமன்றோ? கணவன் இத்தனை தாராளமானவன் என்றும் பெயர் வரும்.

"உன் கிண்ணத்தையும் போடலாம்," என்றேன்.

"அப்படியா. கிண்ணத்துக்கு உன் புத்தகத்துல என்ன அர்த்தம் போட்டிருக்கு?"

"ஒண்ணும் போடல."

"சரி. அது கிண்ணமாவே இருக்கட்டும்."

பட்டணத்துக் கண்ணாடி ஓவியர் ஓடர்மாட்டுக்குக் கடிதம் எழுதினேன். முதலிடம் எனக்கு உறுதியாகவேண்டும் என்பதால், 'நூலில் கண்ட விதிகளினின்று மயிரிழையும் பிசகலாகாது' என்று எழுதி, அதன்கீழ் இரண்டு கோடுகள் இட்டேன். வெரேனா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"எல்லா விதியுமா?"

"எல்லா விதியும்."

"அப்போ இன்னொரு கோடு போடு."

போட்டேன். அவளே உறையில் இட்டு ஒட்டினாள்.

கண்ணாடியைப் பொருத்துவதற்கு முன்பே, மூன்று ஞாயிறுகள் கடிகாரத்தோடு மண்டபத்தில் அமர்ந்து, நண்பகலில் ஒளி எங்கே விழும் என்று கணித்தேன். மூன்றாம் பெஞ்சு, இடக்கோடி. சிங்கம் அங்கேதான் இறங்கும்.

திறப்பு நாளன்று முதல் ஆளாய்ப் போய் அங்கே அமர்ந்தேன். வெளியே பனி அடர்ந்திருந்தது. வெரேனா பின்னல் பையோடு வந்து எனக்கு வலப்புறம் அமர்ந்தாள்.

"கழுத்துல காத்து அடிக்குது. இந்தப் பக்கம் நீ வா."

"இது என் இடம், வெரேனா."

"காத்துக்கு அது தெரியாது."

நாற்பத்தோராண்டுப் பழக்கத்தில் உடல் முந்திக்கொள்ளும். மனம் பின்னால்தான் வரும். மனம் வந்து சேர்ந்தபோது நான் வலப்புறம் அமர்ந்திருந்தேன்.

திரையை விலக்கினார்கள். நான் எழுந்து நின்றேன்; பிறகு அமர்ந்துவிட்டேன்.

குலச்சின்னத்துச் சிங்கம் இடப்புறம் நோக்கும். அதுவே மரபு, நான் வரைந்ததும் அவ்வாறே. கண்ணாடியில் இருந்ததோ வலப்புறம் திரும்பியிருந்தது. பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்கள் இரண்டையும் ஏந்தி, நாக்கை முழம் நீளம் தொங்கவிட்டு, அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓடர்மாட் ஐயா, சிங்கத்தைத் திருப்பிட்டீங்களே," என்றேன். அவர் சன்னலருகே திரைக்கயிற்றோடு நின்றிருந்தார்.

"விதிங்க அது," என்றார் ஓவியர் பணிவாக. "பக்கத்துல மனைவி கேடயம் இருந்தா, கணவனோட மிருகம் அந்தப் பக்கம் திரும்பித்தான் நிக்கணும். முதுகு காட்டினா மரியாதை இல்ல. நூத்திப் பன்னெண்டாம் பக்கம். நீங்கதான் மூணு கோடு போட்டிருந்தீங்களே."

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் திருமணம் பற்றிய அத்தியாயத்தில் வருகிறது. மூன்று முறையும் அந்த அத்தியாயத்தில்தான் எனக்கு உறக்கம் வந்தது. மார்பில் கவிந்திருந்த நூல், விழிக்கும்போது மேசைமேல் மூடியிருக்கும். அதன்மேல் என் மூக்குக்கண்ணாடி மடித்து வைக்கப்பட்டிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அது யார் கையில் இருந்தது என்று நான் கேட்டதேயில்லை.

பக்கத்து வீட்டு நிக்லவுஸ் பின் பெஞ்சிலிருந்து குனிந்தான். "மெல்கியோர், வீட்டுல சிங்கத்துக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடறாங்கல்ல?"

பாடகர் சங்கம் நாலு குரலிலும் சிரித்தது. வெரேனா மட்டும் சிரிக்கவில்லை. ஊசியை எடுத்துப் பின்னத் தொடங்கினாள்.

அப்போது, நான் கனவில் கண்ட வண்ணமே, பனி விலகிற்று. தூரத்து மலைகள் ஒவ்வொன்றாய் வெளுத்தன. சன்னல் தீப்பற்றியதுபோல் சுடர்ந்தது. செந்நிறச் சிங்கம் மெல்ல இறங்கியது. நான் கணித்த வழியிலேயே, நான் கணித்த நிமிடத்திலேயே, தரையில் ஊர்ந்து, பெஞ்சில் ஏறி, இடக்கோடியில் வெரேனாவின் மடியில் படுத்துக்கொண்டது. அவள் பின்னலைச் சற்றே ஒதுக்கி அதற்கு இடம் கொடுத்தாள். கண்டவற்றுள் இத்தனை அழகானது எதுவுமில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ளவேண்டும்.

என் தலை இதமாகச் சூடேறியது. எங்கும் நீலம். சுற்றியிருந்தோர் என் வழுக்கையையே பார்த்தார்கள். அதன் நட்டநடுவில் வெள்ளையாய், வட்டமாய், கிண்ணம் வந்து உட்கார்ந்திருந்தது. கையை உயர்த்தித் தடவப் போனேன்.

"அசையாத, மெல்கியோர்," என்றாள் வெரேனா. "சிந்திடும்."