தம்பியின் படையலில் நான் கை வைத்த கதை

புதிதாகப் பத்தியம் பிடித்தவனைவிடத் தொல்லையான ஆள் உலகத்தில் கிடையாது. இதை என்னால் அடித்துச் சொல்ல முடியும், ஏனென்றால் அந்த ஆள் நான்தான். அந்த நாட்களில் என்னோடு டீக்கடைக்கு வந்தவர்கள் இன்றைக்கும் என்னைத் தூரத்தில் கண்டால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள்.

எல்லாம் என் தம்பி முருகேசன் செத்துப்போன பிறகு வந்த புத்தி. அவன் வாலிநோக்கத்திலிருந்து உப்பு ஏற்றிப் போகும் லாரி ஓட்டினான். காலையில் பால் பன், ராத்திரி பரோட்டா, நடுவில் கணக்கில்லாத டீ. சர்க்கரை வியாதி என்று தெரிந்த பிறகும் அதேதான். காலில் வந்த புண்ணை யாரிடமும் சொல்லாமல் செருப்புக்குள்ளேயே மறைத்துக்கொண்டு திரிந்தான். கடைசியில் மதுரை ஆஸ்பத்திரியில் காலை எடுக்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "எம்மா, பசிக்குதும்மா, ஒரு டீயும் பன்னும் வாங்கிக் குடு" என்று கேட்டிருக்கிறான். "வெளிய வந்ததும் தாரேன்யா" என்றிருக்கிறாள் அம்மா. அவன் உயிரோடு வெளியே வரவில்லை.

அதிலிருந்து அம்மா சோற்றில் கை வைத்தால் நாலு பருக்கையோடு எழுந்துவிடுவாள். "எம் பிள்ளை பசியோட போயிட்டான், எனக்கு என்னத்துக்குச் சோறு?" வருஷம் முழுக்க இதே பேச்சு. அவளும் எங்கள் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தாள். கெஞ்சியும் பார்த்தோம், அதட்டியும் பார்த்தோம்.

நான் பயந்துபோய் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தேன். எனக்கும் சர்க்கரை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. (தம்பி தின்பதில் அதைக் காட்டினான், நான் விடுவதில் காட்டினேன்.) மைதா, ரவை, சேமியா, பிஸ்கட், சீனி எல்லாவற்றையும் ஒரே நாளில் வீட்டை விட்டு விரட்டினேன். செல்போனில் பார்த்த வீடியோக்களின் வேகத்தில் சோற்றையும் இட்லியையும்கூடச் சேர்த்து விரட்டினேன். மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

குமட்டல் ஆரம்பித்தது. என் உரக்கடையில் உட்கார்ந்து யூரியா மூட்டையைப் பார்த்தாலே ஓங்கரித்தது. தலை வலித்தது, கை நடுங்கியது. "உடம்புல உள்ள கழிவெல்லாம் வெளியேறுது" என்று உரம் வாங்க வந்தவர்களுக்கு விளக்கம் கொடுத்தேன்.

"வெளியேறிக்கிட்டிருக்கிறது நீங்கதான்" என்றாள் என் மனைவி செல்வி.

இந்த லட்சணத்தில் தம்பியின் வருஷத் திதி வந்தது. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் நான்தான் கொடுக்க வேண்டும். காலையில் ராமேஸ்வரம் கடலில் முழுகி எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, உத்தரகோசமங்கைக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பி, அவனுக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் படைக்க வேண்டும். காக்கை வந்து எடுக்கிறவரை வீட்டில் யாரும் வாயில் எதுவும் வைக்கக் கூடாது. நான் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டு காரில் ஏறினேன்.

திரும்பும்போது அக்காள்மடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி ரோட்டோரம் குனிந்தேன். வெறும் தண்ணீர்தான் வந்தது. செல்வி ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்டினாள்.

"சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. ஒரு வாய் தின்னுங்க. மூஞ்சி வெளுத்துப்போச்சு."

"இதுல எவ்வளவு சர்க்கரை இருக்குன்னு தெரியுமா ஒனக்கு?" என்று வாயைத் துடைத்துக்கொண்டே பிரசங்கத்தைத் தொடங்கினேன். அவள் பழத்தை அங்கே நின்ற ஆட்டுக்குப் போட்டுவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள். ஆடு கேள்வி எதுவும் கேட்காமல் தின்றது.

வீட்டில் முருகேசன் படத்துக்கு முன்னால் இலை விரித்திருந்தார்கள். பரோட்டா, சால்னா, பால் பன், டம்ளர் நிறையச் சர்க்கரை தூக்கலாக டீ. காக்கையைத்தான் காணோம். என் தாய்மாமா மாடியில் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனார். எனக்கு வேர்த்து ஊற்றியது. எதிரில் நின்றவர்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள். அதற்குமேல் நடந்தது எனக்கு நினைவில்லை, மற்றவர்கள் சொன்னதுதான். ஏதோ குழறினேனாம். இலைக்கு முன்னால் தொப்பென்று உட்கார்ந்து, பால் பன்னை வாயில் திணித்து, டீயைக் கடகடவென்று குடித்துவிட்டுப் பரோட்டாவைப் பிய்க்க ஆரம்பித்தேனாம்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அதிலும், மைதா விஷம் என்று போகிறவன் வருகிறவனை எல்லாம் நிறுத்திவைத்துப் பேசிய ஆள் அதை இரண்டு கையாலும் தின்கிறான் என்றால், அது நானாக இருக்க வாய்ப்பே இல்லை. என் பிரசங்கமே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

"எக்கா, வந்துட்டான்க்கா, முருகேசன் வந்துட்டான்" என்று மாமா மாடிப்படியில் நின்றபடியே கும்பிட்டார். பெண்கள் ஓவென்று அழுதார்கள். யாரோ அள்ளிப் பூசிய திருநீறு என் கண்ணில் விழுந்தது. "சுகர் கொறஞ்சிருச்சு, தள்ளுங்க" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து செல்வி போட்ட சத்தம் யார் காதிலும் ஏறவில்லை.

அம்மா எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். என் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏய்யா முருகேசா. அன்னைக்கு வாய்விட்டுக் கேட்டியே, குடுக்காம விட்டுட்டனேய்யா. இப்பவாச்சும் பசி அடங்குச்சா?"

அதற்குள் டீயில் இருந்த சர்க்கரை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. நான் யார், எங்கே இருக்கிறேன், யாருடைய சாப்பாட்டைத் தின்றுகொண்டிருக்கிறேன் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. "அம்மா, நான் மூத்தவன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். என் கன்னத்தில் இருந்த அவள் கைகளில் எலும்பு மட்டும்தான் மிச்சமிருந்தது.

"அடங்கிருச்சும்மா" என்றேன். "வயிறு நெறஞ்சிருச்சு. நீ சாப்பிடு."

சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அது நடிப்பு இல்லை. அவன் செத்த அன்றைக்கு ஆம்புலன்ஸுக்கும் பந்தலுக்கும் ஓடியதில் நான் அழவே இல்லை. ஒரு வருஷத்து அழுகையை வாய் நிறையப் பரோட்டாவோடு அழுதேன்.

அன்று மத்தியானம் அம்மா சோறு போட்டுச் சாப்பிட்டாள். இன்னொரு தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் டாக்டர் என்னைத் திட்டிய திட்டைக் கேட்டு வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகளே இரக்கப்பட்டார்கள். மாவுச்சத்தைக் குறைத்தால் மாத்திரையையும் குறைக்க வேண்டியிருக்கும், அதை அவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், வெறும் வயிற்றில் மாத்திரை போடக் கூடாது. வேளை தப்பாமல் முட்டை, மீன், காய்கறியோடு கொஞ்சம் சோறும் சாப்பிடலாம். குமட்டினால் உப்புப் போட்ட மோரை மெதுவாகக் குடிக்க வேண்டும். கை நடுங்கி வேர்த்தால் பிரசங்கம் பண்ணாமல் உடனே சர்க்கரையை வாயில் போட வேண்டும். (இதில் பாதி அவர் முதல் நாளே சொன்னதுதானாம்.)

அம்மாவிடம் நான் இன்றுவரை எதையும் சொல்லவில்லை. செல்வி ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தாள், அம்மா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். எப்போதாவது சாப்பாடு பிந்தி எனக்குக் கை நடுங்கினால் போதும், என் மகள் "சித்தப்பா வாராரு" என்று குரல் கொடுப்பாள். செல்வி சிரித்துக்கொண்டே சர்க்கரைத் தண்ணீர் கலக்குவாள். நானும் சிரிப்பேன். அம்மா மட்டும் சிரிக்காமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருப்பாள். தண்ணீரைக் குடித்து, வேர்வை அடங்கி, நான் நிமிர்ந்து உட்கார்ந்ததும் என் முகத்தை உற்றுப் பார்ப்பாள்.

"போயிட்டானா?" என்பாள்.

"போயிட்டான்மா" என்பேன்.