நன்றி சொன்னால் பட்டுப்போகும்

இனிமேல் தோட்டக் கிளப்புக்காக ஒரு பிடி மண்ணைக்கூடக் கிளறுவதில்லை என்று ஹார்லன் டகிள் சபதம் எடுத்தார். எடுக்கும்போது அவர் கையில் மண்வெட்டி இருந்தது. காலடியில் பாதி தோண்டிய குழி இருந்தது. நின்ற இடம் நீதிமன்ற வாசல், எதிரே கிளப் தலைவி மாடீன் அம்மாள். அதனால் சபதத்தை மனசுக்குள்ளேயே எடுக்க வேண்டியதாயிற்று.

கோபம் வராமல் என்ன செய்யும்? லாரல் கிராசிங் பெண்கள் தோட்டக் கிளப்புக்குத் தொண்ணூறு வயதாகிறது. ஊரில் எந்த மூலையில் எது பூத்தாலும் அது கிளப் வைத்த செடி. நீதிமன்றத்தைச் சுற்றி நிற்கும் மரங்கள், நூலகத்து ரோஜா, பள்ளிக்கூடத்துக் காய்கறிப் பாத்தி, முதியோர் இல்லத்து ஜன்னல்களில் பூந்தொட்டி, எல்லாம் கிளப்பின் கைங்கரியம். சரி, ஜார்ஜியாவின் இந்தச் செங்களிமண்ணைக் கிளப்பா வெட்டியது? ஹார்லன் வெட்டினார். கிளப் சீமாட்டிகள் தொப்பி போட்டு, கையுறை மாட்டி, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று விரலை நீட்டினார்கள். விரலை நீட்டுவதற்குக் கையுறை எதற்கு என்பது ஹார்லனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்று சனிக்கிழமை வேறு. ஊரே கால்பந்தாட்டம் பார்க்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டு கிளோவிஸ் மட்டும் கையில் கோலாவோடு, பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்.

"என்ன ஹார்லன், ஆட்டம் பாக்கலையா?"

"பாக்கறியே, குழியில நிக்கறேன்."

"அடுத்த சனிக்கிழமை ஆண்டு விழாவாமே. கிளப்போட சரித்திரத்தை உன் சம்சாரம் இமோஜீன்தான் மைக்குல பேசப் போறாளாம். அதுல உன் பேரு வருதா?"

"வராம? நாப்பது வருஷமா வெட்டறேன்."

"கேட்டியா?"

ஹார்லன் கேட்கவில்லை. கிளோவிஸ் கோலாவை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, வந்த வேலை முடிந்ததுபோல் திரும்பிப் போனார்.

ராத்திரிச் சாப்பாடுவரை ஹார்லன் பொறுத்தார். இமோஜீன் சோளரொட்டியை வெட்டி வைத்ததும் ஆரம்பித்தார்.

"விழாவுல என் பேரு வருமா?"

"எதுக்கு?"

"எதுக்கா? அந்த மரமெல்லாம் யார் நட்டது?"

"கிளப்."

"குழி யார் வெட்டினது?"

"குழி மரத்தோட சேர்த்திதானே, ஹார்லன். தனியா குழிக்கு யாராவது விழா எடுப்பாங்களா?"

ஹார்லனுக்குக் காது மடல் சிவந்தது. "ஒரு நன்றி. ஊர் முன்னாடி ஒரே ஒரு வார்த்தை. கல்யாணம் ஆன நாள்லேருந்து உன் வாயில அது எனக்காக வந்ததே இல்ல."

"கிளப்புல நன்றி சொல்ற வழக்கம் இல்ல."

"மாடீன் புருஷன் ஓட்டிஸுக்கு மட்டும் எப்படிச் சொன்னீங்க? நூலகத் தோட்டம் திறந்தப்போ கூப்பிட்டு நிக்க வச்சு, கேடயமெல்லாம் குடுத்தீங்களே?"

இமோஜீன் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடியதை ஹார்லன் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். அங்கேதான் மனிதர் கோட்டை விட்டார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். யாராவது செடி கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், வாசனை பார்க்கலாம், பதிலுக்கு கேக் கொடுத்தனுப்பலாம். நன்றி மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் செடி பட்டுப்போகும். ஹார்லன் இதை ஒரு காலத்தில் கேலி செய்தவர்தான். பிறகு ஒருநாள் கிளோவிஸ் கொடுத்த அத்திக் கன்றுக்கு வாய் தவறி நன்றி சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கன்று குச்சியாக நின்றது. அன்று முதல் அவர் செடி வாங்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வார்.

நீதிமன்ற வாசலில் வைக்கப் போவது சாதாரணச் செடியும் அல்ல. கிளப்பைத் தொடங்கிய அம்மாளின் வீட்டுக் கமீலியா. தாய்ச்செடி கடும்பனியில் கருகிவிட்டது. மாடீன் முன்பே எடுத்துவைத்த ஒரே ஒரு பதியத்தை இமோஜீனிடம் கொடுத்திருந்தாள். இமோஜீன் அதைக் கைக்குழந்தை மாதிரி வளர்த்து வைத்திருந்தாள். ஹார்லனுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"அப்ப சரி. விழாவுல நானே மைக்கைப் புடிச்சுடறேன். மாடீன் மூஞ்சியைப் பாத்து, கமீலியா குடுத்ததுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லிடறேன்."

இமோஜீனின் டீ பாதி வழியில் நின்றது. "செடி செத்துடும்."

"தெரியும்."

"அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

"அதுவும் தெரியும்."

"இது மிரட்டல், ஹார்லன்."

"ஆமா. எனக்கு நீ சொல்லு, இல்லன்னா செடிக்கு நான் சொல்றேன்."

அவள் டீயைக் கீழே வைத்தாள். பிறகு முகம் மலர்ந்தது. "சரி கண்ணு. மைக்குல, ஊர் முன்னாடி, உனக்கு நன்றி சொல்றேன். நீ குழியை மட்டும் முடிச்சுடு."

அவள் 'கண்ணு' என்று கூப்பிட்டால் அவருடைய பிக்கப் வண்டிக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம். வெற்றி மயக்கத்தில் ஹார்லன் அதைக் கவனிக்கவில்லை. வாரம் முழுக்க அவரே வலியப் போய் உழைத்தார். குழியை முடித்தார். பாத்தியை மூடப் பைன் சருகு கொண்டுவந்து கொட்டினார். மேடை போட்டார், தேவாலயத்திலிருந்து நாற்காலி சுமந்தார். இடது தோள் விண்விண் என்று வலித்தது. நன்றி வாங்குவதற்கென்று புதுச் சட்டைகூட எடுத்தார்.

விழா நாளில் ஊர் திரண்டிருந்தது. இமோஜீன் நன்றாகப் பேசினாள். பேங்குகள் மூடிய பஞ்ச காலத்தில் கிளப் பெண்கள் வீடு வீடாக விதை கொடுத்ததைச் சொன்னாள். போருக்குப் போய்த் திரும்பாத பையன்களுக்காக நெடுஞ்சாலையோரம் மரம் வைத்ததைச் சொன்னாள். கடைசியில் ஹார்லன் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கோபம். கிளப் அவருக்கு ஒரு தடவைகூட நன்றி சொல்லலையாம். நியாயமான கோபம்தான். எழுந்திரு ஹார்லன்."

ஹார்லன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. செடிக்கு நன்றி சொன்னா என்னங்க ஆகும்?"

"பட்டுப்போகும்" என்றது கூட்டம்.

"ஹார்லனும் நம்பறார். போன வாரம் அதை வச்சுத்தான் என்னை மிரட்டினார். மனுஷனுக்குச் சொன்னா என்ன ஆகும்னு எங்களுக்கும் தெரியாமதான் இருந்தது. ஓட்டிஸுக்குச் சொல்லிப் பாத்தோம். மாடீன், அந்தக் கேடயம் இப்ப எங்க இருக்கு?"

முன் வரிசையிலிருந்து மாடீன் கைக்குட்டையை எடுத்தாள். "அவரோடவே வச்சுப் புதைச்சுட்டோம். விழா முடிஞ்ச பத்தாம் நாள்."

சிலர் தொப்பியைக் கழற்றினார்கள்.

"அதுக்கப்புறம் எந்தப் புருஷனுக்கும் நாங்க நன்றி சொல்றதில்ல. பாருங்க, எல்லாரும் குத்துக்கல்லு மாதிரி இருக்காங்க. இருந்தாலும் நான் வாக்குக் குடுத்துட்டேன். ஹார்லன், சொல்லட்டுமா?"

ஹார்லனுக்கு வந்த கோபத்தில் மைக்கைப் பிடுங்கி வீசியிருப்பார். சாகும்போது ஓட்டிஸுக்குத் தொண்ணூற்றொரு வயது. அது முட்டாள்தனமான நம்பிக்கை என்று கத்தலாம். கத்தினால் தன் மிரட்டலும் முட்டாள்தனம் ஆகிவிடும். அத்திக் கன்று கண்முன் வந்தது. சொல்லி வைத்தாற்போல் இடது தோள் சுண்டியது. பக்கத்தில் கிளோவிஸ் தன் நாற்காலியை மெதுவாக நகர்த்திக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார் ஹார்லன்.

"மைக்குல சொல்லு கண்ணு. பின்னாடி கேக்கலயாம்."

"வேண்டாம்."

ஊரே கைதட்டியது. கமீலியா குழிக்குள் இறங்கியது. மண்ணைத் தள்ளியதும் ஹார்லன்தான்.

திரும்பும்போது பிக்கப்பில் அவர் கொதித்துக்கொண்டே ஓட்டினார்.

"ஓட்டிஸ் வயசாகிச் செத்தான், இமோஜீன்."

"ஆமா."

"உனக்கும் தெரியும்."

"தெரியும். அடுத்த சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்து வேலியோரம் ரோஜா வைக்கணும் கண்ணு. பன்னெண்டு குழி."

"முடியாது. இனிமே ஒரு குழிகூட வெட்ட மாட்டேன். தலைகீழா நின்னாலும் நடக்காது."

"சரி, விடு. வற்புறுத்தல" என்று இமோஜீன் அவர் தோளில் கை வைத்தாள். "இத்தனை வருஷம் செஞ்சதுக்கெல்லாம் ரொம்ப நன்..."

ஹார்லன் நடுரோட்டில் பிரேக்கை மிதித்தார்.

"எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார்.