அவசரமில்லாத வண்டியில் அத்தை

இனிமேல் என் மாமியாரைத் தூக்குவதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவு செய்தேன்.

தூக்குவது என்றால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நிஜமாகவே தூக்குவது. இரண்டு கைகளாலும், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார், கூடவே ஒரு சக்கர நாற்காலியும் வந்தது. வியாழக்கிழமைதோறும் காலுக்குப் பயிற்சி. என் கார் சின்னது. அத்தை சின்னவர் இல்லை. அவரை நாற்காலியிலிருந்து காருக்குள் தூக்கி வைத்து, பிறகு அந்த நாற்காலியை மடக்கி டிக்கியில் திணிக்க வேண்டும். மடக்கு நாற்காலி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அது என்னைத்தான் மடக்கியது.

நான் ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறவன். பிழைதான் என் பிழைப்பு. நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிற முதுகு இது. புத்தகம் தாங்கும். அத்தையைத் தாங்குமா?

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டால் என் மனைவி அத்தையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவாள். நான் காரை நிறுத்த இடம் தேடிப் போவேன். நிதானமாகத்தான் தேடுவேன். இடம் கிடைப்பதற்குள் பயிற்சி முடிந்திருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை.

ஆனால் உள்ளே எதுவும் நடக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. குறிப்பாக அத்தை நடக்கவில்லை. எழுந்து நிற்கவே மறுத்தார். கையைப் பிடித்தால் "ஐயோ, விழுந்துடுவேன்" என்று கத்தினார். இப்படியே உட்கார்ந்திருந்தால் கால் இறுகிவிடும், அப்புறம் கடைசி வரைக்கும் நாற்காலிதான் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று என் மனைவி சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. எனக்கும் வருத்தம்தான். முதுகில் ஆரம்பித்து மனசு வரைக்கும் வருத்தம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"இந்தா, கேளு" என்றேன் மனைவியிடம். "வீல்சேரோட அப்படியே ஏத்திக்கிட்டுப் போற வண்டி இருக்காம். பின்னாடி சரிவுப் பலகை இறங்குமாம். தூக்கவும் வேண்டாம், மடக்கவும் வேண்டாம்."

அவள் கணக்கு டீச்சர். விடைத்தாளில் இருந்து தலையை எடுக்கவில்லை. "அப்படியா?"

"துணைக்கு ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடமாம்."

"ஓ."

"நீ போயிட்டு வந்துடு. நான் வீட்டுல இருந்து மத்த வேலையெல்லாம் பாத்துக்கறேன்."

மத்த வேலை என்பது மதியத் தூக்கம்.

"ரொம்ப நல்ல யோசனைங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிச் சொன்னதே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நானோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனை எடுத்தேன்.

வண்டி ஆபீஸில் ஓர் அம்மா பேசினார்.

"நோயாளி நடப்பாங்களா சார்?"

"மாட்டாங்க."

"நிப்பாங்களா?"

"மாட்டாங்க. உட்கார்ந்த இடத்துல இருந்தே எங்க எல்லாரையும் நிக்க வைப்பாங்க."

"அவசரமா போகணுமா?"

"அவங்களுக்கு எப்பவுமே அவசரம்தாங்க."

"அப்போ ஆம்புலன்சைக் கூப்பிடுங்க. எங்க வண்டி அவசரம் இல்லாதவங்களுக்கு மட்டும்தான்."

"ஐயோ, அவசரமே இல்லைங்க! மெதுவா போனா போதும்."

"அப்போ வர்ற வாரம் போனா போதுமா?"

"இல்லம்மா! வியாழக்கிழமையே போகணும். அவசரமில்லாம, ஆனா வியாழக்கிழமையே."

அவர் பெருமூச்சு விட்டார். "எடை?"

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அத்தை வாசலறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டைக் கண்காணித்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி எடையைச் சொன்னேன்.

"மாப்பிள்ளை!" என்று ஜன்னலோரத்திலிருந்து சத்தம் வந்தது. "அது நாற்காலியையும் சேர்த்த எடை!"

இடுப்பில்தான் அடி. காதில் இல்லை.

வியாழக்கிழமை வந்தது. வண்டி வரவில்லை. அவசரமில்லாத வண்டி என்ற பெயருக்கு எந்தக் களங்கமும் வராதபடி, நாங்கள் வாசலில் காத்துக் காத்து அலுத்த பிறகு அது ஆடி அசைந்து வந்து நின்றது. டிரைவர் நல்ல உயரம், தொங்கு மீசை. பின் கதவைத் திறந்து பலகையை இறக்கினார். அத்தையை நாற்காலியோடு அலுங்காமல் மேலே ஏற்றினார். தேர் ஏறிய மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் முதுகுக்கும் வந்திருக்கும்.

"சரி, நீ ஏறு" என்றேன் மனைவியிடம்.

அவள் தோளில் பள்ளிக்கூடப் பை. "எனக்கு இன்னிக்குப் பசங்களுக்குப் பரீட்சை இருக்குங்க."

"அப்போ துணைக்கு?"

டிரைவர் எட்டிப் பார்த்தார். "மருமகன்னு சொன்னாங்களே, அது யாரு?"

"யார் சொன்னது?"

"நான்தான்" என்றாள் மனைவி. "நீங்க போனை வச்சதும் நான் ஒரு தடவை பேசினேன். துணை யாருன்னு நீங்க சொல்லவே இல்லையாமே? அவங்க பாவம், தெரியாம முழிச்சாங்க."

"எனக்கு வேலை இருக்கு!"

"மத்த வேலைதானே? அது வண்டியிலயே பாத்துக்கலாம். சீட்டு நல்லா சாயும்."

நான் வாதாடத்தான் நினைத்தேன். டிரைவர் விடவில்லை. "துணை இல்லாம வண்டியை எடுக்க முடியாது சார். அம்மாவை இறக்கிடட்டுமா?"

உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தார். "இறக்குங்க தம்பி. மாப்பிள்ளைக்குச் சிரமம் வேண்டாம். நான் இப்படியே மூலையில கிடந்துட்டுப் போறேன்."

ஏறினேன்.

டிரைவர் நாற்காலியை நாலு பட்டைகளால் தரையோடு சேர்த்துக் கட்டினார். எனக்கு ஒரே ஒரு பட்டை. ஆபத்து யாரிடமிருந்து என்று அனுபவசாலிக்குத் தெரிந்திருக்கிறது. துணையாளின் சீட்டு எதிர்ப்பக்கம் பார்த்து இருந்தது. அதாவது வழியெல்லாம் நான் அத்தையை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். கண்ணை மூடினேன்.

"தூக்கம் வருதா மாப்பிள்ளை?"

"இல்லை அத்தை. யோசிக்கிறேன்."

"கொறட்டை விட்டு யோசிக்கிறதை இப்பதான் பாக்கறேன்."

டிரைவர் சிரித்ததில் வண்டியே குலுங்கியது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுகமாக இருந்தது. தூக்கல் இல்லை, திணிப்பு இல்லை, டிக்கியோடு மல்லுக்கட்டு இல்லை. துணையாகவே வந்தாலும் பரவாயில்லை, இந்த வண்டி என்றென்றும் வாழ்க என்று மனசுக்குள் வாழ்த்தினேன். அந்த நேரம் பார்த்து டிரைவர் வாயைத் திறந்தார்.

"அம்மா சீக்கிரம் நடந்துடுவாங்க சார். நாலு அடி எடுத்து வச்சாப் போதும், ஆபீஸ்ல வண்டியை நிறுத்திடுவாங்க. இது நடக்க முடியாதவங்களுக்கு மட்டும்தானே? அப்புறம் உங்க கார்லயே கூட்டிட்டுப் போயிடலாம்."

என் முதுகு ஜில்லிட்டது.

நாலு அடி நடப்பவர் காருக்குள் தானே ஏறிவிடுவாரா? மாட்டார். தூக்கத்தான் வேண்டும். நாற்காலியும் வரும். அதோடு பிடித்து நடக்க ஒரு ஸ்டாண்டும் வரும். அதையும் மடக்க வேண்டும். அத்தை நடக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நடப்பதானால் முழுசாக நடக்கட்டும். நாலே அடி நடந்து நல்ல வண்டியைக் கெடுத்துக்கொள்வானேன்? இன்னும் சில வாரம் பொறுக்கக் கூடாதா? இதைப் பக்குவமாகப் பயிற்சி தருகிறவர் காதில் போட்டு வைப்பது என் பொறுப்பு என்று தோன்றியது.

பயிற்சி அறை நீளமாக இருந்தது. நடுவில் பிடித்து நடக்க இரண்டு கம்பிகள். சுவரெல்லாம் கண்ணாடி. ஓரத்தில் ஒரு பெரியவர் பந்தைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தார், பந்தின் மேல் ஏதோ பழைய பகை போல. பயிற்சி தரும் அம்மா ஒல்லியாக இருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் அப்போது மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"வாங்க சார். உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன்." அத்தையின் நாற்காலியைக் கம்பிகளின் ஒரு முனையில் நிறுத்தினார். என்னை மறு முனைக்கு அழைத்துப் போனார். "வீட்டுல எப்படி இருக்காங்க? மறைக்காம சொல்லுங்க."

"ஏன் கேக்கறீங்க மேடம்" என்று ஆரம்பித்தேன். ரகசியமாகத்தான் ஆரம்பித்தேன்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார், காது கேக்கலை."

சத்தமாகச் சொன்னேன். "எழுந்திருக்க மாட்டாங்க மேடம். இனிமே எங்க எழுந்திருக்கப் போறாங்க?"

"மாப்பிள்ளை என்ன சொல்றாரு?" என்று அந்த முனையிலிருந்து அத்தை கேட்டார்.

"ஒண்ணுமில்ல அத்தை! பெருமையாத்தான் சொல்றேன்." நான் திரும்பிக்கொண்டேன். "உடம்புல தெம்பே கிடையாது மேடம். வாய்ல மட்டும்தான் இருக்கு."

பயிற்சி அம்மா தலையாட்டினார். "அப்படியா? மேல சொல்லுங்க."

ஒருவர் இவ்வளவு ஆர்வமாக நான் பேசுவதைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. எனக்கு உற்சாகம் பீறிட்டது. "அவசரப்படுத்தாதீங்க. இன்னும் கொஞ்ச நாளைக்கு வண்டியிலயே வந்து போகட்டும். வயசுன்னு ஒண்ணு இருக்கில்ல? எழுபத்தெட்டு ஆகுது, பாவம்."

அத்தைக்கு அறுபத்தெட்டு.

பந்து உருட்டிய பெரியவர் காலைத் தூக்கியபடியே நின்றுபோனார்.

"யாருக்கு எழுபத்தெட்டு?"

திரும்பினேன். அத்தையின் இரண்டு கைகளும் இரண்டு கம்பிகளைப் பிடித்திருந்தன. நாற்காலி காலியாக இருந்தது.

"அத்தை, நான் வந்து..."

"யாருக்குங்க மாப்பிள்ளை எழுபத்தெட்டு?"

வலது கால் வந்தது. இடது கால் வந்தது. என் கால்கள் தாமாகவே பின்னால் போயின.

"அப்படியே பின்னாடி போங்க சார்" என்று பயிற்சி அம்மா என் காதோரம் கிசுகிசுத்தார். "நிக்காதீங்க. இன்னும் ஏதாவது சொல்லுங்க."

"இதுக்கு மேல என்ன சொல்றது?"

"ஏதாவது! சமையலைப் பத்தி சொல்லுங்க!"

"உப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"உப்புக்கு என்ன?" இன்னொரு அடி.

"கொஞ்சம் தூக்கலா..."

இரண்டு அடி. நான் பின்வாங்கிப் பின்வாங்கி, முதுகு சுவர்க் கண்ணாடியில் முட்டியது. இனி போக இடமில்லை. அத்தை கம்பிகளின் கடைசி முனைக்கு வந்து, ஒரு கையை விட்டு, என் சட்டைக் காலரைப் பிடித்தார். அடுத்த கையையும் விட்டார். இப்போது அவர் நிற்பதற்கு இந்த உலகத்தில் பிடிமானம் என் காலர் ஒன்றுதான்.

அப்போதுதான் கண்ணாடியில் அவர் தன்னையே பார்த்தார்.

கோபம் வடிந்துவிட்டது. காலரைப் பிடித்த பிடி இன்னும் இறுகியது. பின்னால் தூரத்தில் நாற்காலி தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அவர் அந்த நாற்காலியைப் பார்த்ததே இல்லை.

"மாப்பிள்ளை..." என்றார் மெதுவாக. "விட்டுடாதீங்க."

"விட மாட்டேன் அத்தை" என்றேன். இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். விசித்திரம் என்னவென்றால் முதுகு வலிக்கவே இல்லை. எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. காலர்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

பந்துப் பெரியவர் கை தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே முழங்கினேன். "உங்கம்மா நடந்துட்டாங்க! நான்தான் நடக்க வச்சேன்!"

மனைவி ஓடிப்போய் அத்தையைக் கட்டிக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். ஆனால் ஆச்சரியப்படவில்லை. பிழை திருத்துகிறவன் கண்ணுக்கு இது தப்புமா?

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கால்ல ஒரு குறையும் இல்லை, பயம்தான் காரணம்னு அந்தப் பயிற்சி அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க. பயத்தை விடப் பெரிசா ஏதாவது வந்தாத்தான் எழுந்திருப்பாங்கன்னும் சொன்னாங்க. கோபம் பரவாயில்லையான்னு கேட்டேன். ரொம்ப நல்லதுன்னாங்க. அதுக்கு எங்க வீட்டுல ஆள் இருக்காரு, உள்ளே வந்து வாயைத் திறந்தாப் போதும்னு சொன்னேன். ஆனா நீங்கதான் காரை நிறுத்தப் போனா திரும்பி வரவே மாட்டீங்களே. எப்படி உள்ளே அனுப்பறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். நீங்களே வண்டிக்கு ஏற்பாடு பண்ணிட்டீங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சக்கரம் வைத்த நாற்காலி. அத்தை சோபாவுக்கு மாறிவிட்டதால் அது ஒன்றுதான் காலியாக இருந்தது.

"சரி, போகட்டும்" என்றேன். "நடந்துட்டாங்க இல்ல? இனிமே வியாழக்கிழமை நான் போக வேண்டாமே?"

"வியாழக்கிழமை மட்டும் இல்லைங்க, திங்கட்கிழமையும் வரச் சொல்லி இப்பத்தான் போன் வந்துச்சு."

"உங்கம்மாவையா?"

"உங்களைங்க. அங்க இன்னும் அஞ்சாறு பேர் எழுந்திருக்காமலே உட்கார்ந்திருக்காங்களாம்."