இறங்குமிடத்து உபதேசி

பனிச்சறுக்குப் பூங்காவில் விழுகிறவர்களால்தான் ஆபத்து என்று நினைக்கிறீர்களா? அப்படியென்றால் கோர்பினியனை நீங்கள் பார்த்ததில்லை. பனிமேட்டிலிருந்து குதிப்பவர்கள் வந்து இறங்கும் இடத்தில் நின்று பாடம் நடத்தும் 'இறங்குமிடத்து உபதேசி' என்னும் இனம் அவர். எங்கள் டிரோல் மலையில் முதல் பனி விழுந்ததும் தென்படுவார். முதுகுக்குக் கவசம், முழங்காலுக்குக் கவசம், மணிக்கட்டுக்குக் கவசம், தலைக்கு ஹெல்மெட் எல்லாம் உண்டு. வாய்க்குத்தான் எதுவும் கிடையாது. இந்த இனம் குதிக்குமா? சேச்சே! குதிப்பவர்களைத் திருத்தவே நேரம் போதவில்லை.

அன்று பருவத்தின் கடைசி நாள். நடுக் குதிமேட்டுக்கு மேலே ஆஃப்ரா பனிப்பலகையோடு நின்றாள். குளிர்காலம் முழுக்கச் சின்ன மேட்டில் உருண்டு புரண்டு சேர்த்த துணிச்சல். நாளை மேட்டையே இடித்துவிடுவார்கள். குதிக்கப்போகிற எல்லாரும் செய்வதுபோலக் கையை உயர்த்தி, "நான் போறேன்!" என்று கத்தினாள்.

"நில்லு, நில்லு!" என்றான் பின்னால் நின்ற ஃபைட். "அங்க பாரு, கையக் குறுக்க வெச்சுக் காட்டுறாங்க. எவனோ விழுந்துட்டான்."

மேட்டுக்கு அப்பால் இரண்டு கைகள் மட்டும் பெருக்கல் குறிபோலத் தெரிந்தன. மறுபக்கம் ஆள் கிடக்கிறது, யாரும் குதிக்காதே என்று அர்த்தம். ஆஃப்ரா உதவலாமென்று ஓரமாகச் சறுக்கிப் போனாள். அதற்குள் மீட்புப் பணியாளர் மாக்தாவும் அடிபட்டவரை ஏற்றும் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பறந்து வந்துவிட்டாள்.

இறங்குமிடத்தின் நட்டநடுவில் கோர்பினியன்! எதிரே இரண்டு புதுமுகங்கள்.

"கைய இப்படித்தான் வைக்கணும். இறங்குற இடத்துல மட்டும் நிக்கவே கூடாது, மண்டை உடைஞ்சிடும், தெரியுதா?"

"விழுந்தது யாரு?" என்றாள் மாக்தா, மூச்சு வாங்க.

"யாரும் விழல, பாடம் நடக்குது. ரெண்டு பேரும் பாத்தீங்களா, காட்டின உடனே வண்டி வந்துடுச்சு! பூங்கான்னா இப்படி இருக்கணும்."

மலையேறிவிட்டால் முதலாளியைக்கூட 'நீ' என்பதுதான் எங்கள் வழக்கம்; அங்கே 'நீங்க' என்றால் 'நீ எங்கள் ஆளே இல்லை' என்று அர்த்தம். மாக்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயா, நீங்க தயவுசெஞ்சு கொஞ்சம் நகர்றீங்களா?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். நேரே ஓரத்துக்குப் போனார்.

ஆஃப்ரா பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினாள். மிச்சமிருந்த துணிச்சலைத் திரட்டிக் கை தூக்கினாள், கத்தினாள், பாய்ந்தாள். வானம், காற்று, பனி... நின்றுவிட்டாள்! விழவில்லை! சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயே நின்று குதித்தாள், கூவினாள், ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டாள், அம்மாவுக்குச் சொல்லலாமென்று கைப்பேசியையும் எடுத்தாள்.

"நான் போறேன்!" என்று மேலே ஃபைட்டின் குரல் கேட்டது.

"அடியே, நகரு!" என்று ஓரத்திலிருந்து அலறினார் கோர்பினியன். அவள் உருண்டு விலகவும், ஃபைட் பொத்தென்று வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

கோர்பினியன் தொண்டையைச் செருமினார். அந்தப் பாடம் சாயங்காலம் வரை நடந்தது. பாவம், ஆஃப்ரா முழுவதையும் நின்று கேட்டாள், இந்த முறை ஓரமாக.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைக் கைப்பேசியில் படித்துக்கொண்டே மாடிப்படியின் கடைசிப் படியில் வழியை மறித்து நிற்கவில்லையே? எதற்கும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.