ஜீரோ போட்ட தாழ்ப்பாள்

காஞ்சிபுரத்தில் நடை சாத்துகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஜீரோவைப் போலக் கதவு சாத்தியவர் ஒருவரும் இல்லை.

பட்டுக் கடைக்கு மேல்மாடி ஆபீஸில் நாங்கள் நான்கு பேர். வெளியூர் கம்பெனி ஒன்றின் சர்வருக்கு, அதை உள்ளிருந்து ஆட்டிவைக்கும் கெர்னல் என்ற அடிப்படை நிரலை அவர் எழுதுவார், நான் கையேடு எழுதுவேன். அந்த சர்வருக்குள் கணக்குப் போடும் மூளைகளாகப் பல பிராசஸர்கள். ஓடும்போதே ஒன்றைச் சேர்க்கலாம், ஒன்றைக் கழற்றலாம். ஆனால் மெஷினை அணைத்து மறுபடி எழுப்பும் ரீபூட் என்று வந்துவிட்டால், ஜீரோ எண் பிராசஸர் மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தூங்க அனுப்பிவிட்டுக் கடைசியில்தான் தான் அணையும். அந்த நேரம் பார்த்து ஒன்று உள்ளே நுழைந்தால் மெஷின் உறைந்து நின்றுவிடும். "ஜீரோதான்கா பெரிய மனுஷன்" என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மெஷினுக்கு உள்ள சட்டம் எங்களுக்கும் உண்டு. ரீபூட் கொடுத்ததும் அறைக்குத் தாழ்ப்பாள் விழும். சாப்பாடு கொண்டுவரும் மெஸ் அம்மா வெளியே நிற்பார்.

"ரீபூட் ஆயிக்கினு இருக்குது. யாரும் உள்ள வரக்கூடாது."

"சாம்பார் ஆறிக்கினு இருக்குதுபா."

"சாம்பாரும் வரக்கூடாதுமா."

ஒருமுறை வாலாஜாபாத் பஸ் வழியில் நின்றுபோனது. டிரைவர் மறுபடி கிளப்பும்போது ஜீரோ படியில் கைகளை விரித்து நின்றார். "யாரும் ஏறாதீங்க, இறங்காதீங்க."

"நான் ஏறினா இஞ்சினுக்கு இன்னாபா?" என்று கேட்ட பூக்காரம்மா, கூடையாலேயே அவரை நகர்த்திவிட்டு ஏறினார். பஸ் ஒழுங்காகக் கிளம்பிவிட்டது. அதில்தான் ஜீரோவுக்கு வருத்தம்.

பிறகு அந்த சர்வர் உண்மையிலேயே அவ்வப்போது ரீபூட்டின் நடுவில் உறைய ஆரம்பித்தது. சரிசெய்யாவிட்டால் வேலையைச் சென்னைக்கு மாற்றிவிடுவோம் என்றது கம்பெனி. மாற்றினால் நாங்கள் நால்வரும் நான்கு திசை. ஜீரோ சிரிப்பதை நிறுத்தினார். மெஸ் அம்மா கதவைத் தட்டாமலே காத்திருந்தார்.

காரணத்தைக் கண்டுபிடித்த அன்று ஜீரோ தலையில் கைவைத்துக்கொண்டார். வேலை கூடினால் தூங்கும் பிராசஸரை எழுப்புகிற சின்ன நிரல் ஒன்று உள்ளே இருந்தது. ரீபூட்டின் பரபரப்பை வேலை என்று நம்பி, ஜீரோ எண் பிராசஸர் தூங்க வைத்ததை அது எழுப்பிக்கொண்டிருந்தது.

"ரூமுக்கெல்லாம் தாழ்ப்பா போட்டேன்கா. கெர்னலுக்குப் போடல பாரு."

ரீபூட் தொடங்கியதுமே யாரும் எழுந்து வராதபடி முதலில் வாசலை மூடு, பிறகு தூங்க அனுப்பு என்று கெர்னலைத் திருத்தினார். சர்வர் அப்புறம் உறையவே இல்லை. கம்பெனி பாராட்டியது. எல்லாம்தான் சரியாகிவிட்டதே, இனிக் காஞ்சிபுரத்தில் தனி ஆபீஸ் எதற்கு என்றும் கேட்டது.

கடைசி நாள் மாலை எங்களை ஒவ்வொருவராகப் படியிறக்கிவிட்டு அவர் மட்டும் உள்ளே இருந்தார். தெருவுக்கு வந்த பிறகுதான் குடை ஞாபகம் வந்தது. மேலே ஏறித் தட்டினேன்.

"ஜீரோ, என் குடை உள்ள இருக்குதுபா."

"மூடியாச்சுக்கா. இப்ப யாரும் உள்ள வரக்கூடாது."

கதவின் அடியில் தெரிந்த வெளிச்சம் அணைந்தது. நான் குடையை மறுபடி கேட்காமல் இறங்கிவிட்டேன்.

அவர் இப்போது பெங்களூரில் இருப்பதாகக் கேள்வி. மெஷின் மறுபடி எழும்போது முதலில் விழிப்பது ஜீரோ, அதுதான் மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடும் என்று கையேட்டில் எழுதியவள் நான். இந்த வருடமும் மழை பிடித்துக்கொண்டது. இன்னும் நான் வேறு குடை வாங்கவில்லை.