மதாம் கல்கேரின் வெள்ளிக்கிழமைகள்

வெளிநாட்டிலிருந்து புதுச்சேரிக்கு வந்து இறங்கியதும் கடலைப் பார்க்கப் போகாமல் குழாயைப் பார்க்கப் போன ஒரே மனுஷி, எனக்குத் தெரிந்து, எங்கள் பக்கத்து வீட்டு மதாம் கல்கேர்தான்.

அவளுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. எங்கள் தெருவில் யாருக்கும் அது நினைவில்லை. கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனவள், கணவர் இறந்து, பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊரில் வேலைக்குப் போன பிறகு, மூலக்குளத்தில் அப்பா கட்டிப்போட்ட வீட்டுக்குத் திரும்பி வந்தாள். டாக்சி வந்து நின்றபோது தெருவே வாசலில் நின்றது. பெட்டிகளெல்லாம் டிக்கியில் கிடந்தன. அவள் மடியில் மட்டும் கூறைப்புடவையில் சுற்றிய ஒரு மூட்டை. அதைக் குழந்தையைப் போல அணைத்தபடி இறங்கினாள்.

என் வீட்டுக்காரர் இளகிய மனசுக்காரர். புருஷனுடைய அஸ்தி என்று முடிவு கட்டிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பிக்கொண்டு போய், "கவலப்படாதீங்க மதாம். நல்ல நாள் பாத்துக் கடல்ல கரைச்சிடலாம்" என்றார்.

அவள் மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "மோன் தியே! கடல்லயா? உப்புத் தண்ணி ஆவவே ஆவாது முசியே. கல்கேர் புடிச்சிக்கும்!"

புடவையைப் பிரித்தாள். உள்ளே காபி மெஷின்.

கல்கேர் என்பது பிரெஞ்சு வார்த்தை. போர்வெல் தண்ணீரைக் காய்ச்சக் காய்ச்சப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகக் கல் மாதிரி படிகிறதே, அதுதான். நாமெல்லாம் அதைச் சுரண்டிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அவளுக்கோ அது பங்காளிப் பகை. அந்த ஒரு வார்த்தையை அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் அத்தனை பேரிடமும் சொல்லியிருந்தாள். "கல்கேர்னா இன்னாடி, கிட்னிக் கல்லு எடுக்கிற ஆஸ்பத்திரியா?" என்று சரோஜாக்கா என்னைக் கேட்டாள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இந்தச் சரோஜாக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மீன் ஏலத்தில் காலம் தள்ளியவள். இப்போது வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டு, சர்க்கரை வியாதிக்காகக் காலையில் எங்களோடு நடக்கிறாள். நடைப் பெண்கள் என்று ஒரு கூட்டமே உண்டு. நடப்பது கொஞ்ச நேரம். அதற்குப் பிறகு என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என் ஃபில்டர் காபியைக் குடித்துக்கொண்டு மருமகள்களைப் பற்றிப் பேசுவது நெடுநேரம். எங்கள் தெருவில் காபி என்றால் மல்லிகா. மல்லிகா என்றால் நான். மதாம் வருகிற வரைக்கும்.

வந்த மறுநாளே என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் வெந்நீர்க் கெட்டிலைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "கல்கேர்!" என்றாள், பாம்பைக் கண்டவள் போல. பிறகு குழாய், ஷவர், கீசர். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட வீட்டை இப்படிச் சோதித்ததில்லை. போட்டுக் கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டே கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அப்போது சிறுநீரகத்தில் சின்னக் கல். அதை யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"டாக்டர் இன்னா சொன்னாரு முசியே?"

"நெறைய தண்ணி குடிக்கச் சொன்னாருங்க."

"எந்தத் தண்ணி?"

அவ்வளவுதான் கேட்டாள். மனிதர் ஞானம் பெற்றவர் போல உட்கார்ந்துவிட்டார். அன்று முதல் அவளுக்குத் தண்ணீர் கேன் தூக்கிக் கொடுப்பது இவர் வேலை. வீட்டில் நாலு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புகிறவர், வேலிக்கு அந்தப் பக்கம் "முசியே" என்று முனகல் கேட்டாலே எழுந்து நிற்பார். ஒருநாள் நான் சோறு போட்டபோது, பிரெஞ்சில் நன்றியாம், "மெர்சி" என்றார். ரசத்தை அவருக்கு எட்டாத தூரத்தில் வைத்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னைக் கவிழ்த்தது வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை மதாம் தன் போர்ட்டிகோவில், எங்கள் நடைக் கூட்டம் சுற்றி நிற்க, மேசை போட்டு வெள்ளைத் துணி விரிப்பாள். ஏப்ரன் கட்டி, மூக்குக் கண்ணாடி மாட்டி, மெஷினைக் கழற்றுவாள். கண்ணாடி ஜாடி, மூடி, வடிகட்டிக் கூடை, ரப்பர் வளையம் எல்லாம் ஆபரேஷன் தியேட்டர் கத்திகள் போல வரிசையாகப் படுக்கும். பல் தேய்க்கிற பிரஷ், காது குடைகிற பஞ்சுக் குச்சி. எல்லாவற்றையும் தேய்த்து, துடைத்து, மறுபடி பூட்டி, மெஷின் தொட்டியில் பாதி வினிகர், பாதி தண்ணீர் ஊற்றிச் சுவிட்சைப் போடுவாள். பாதி இறங்கியதும் நிறுத்திவிடுவாள்.

"ஊறணும்" என்பாள்.

ஊறுகிற நேரத்தில் யாரும் சத்தம் போடக் கூடாது. ஏலத்தில் கூவினால் கரையேறிய படகு திரும்பிப் போகும் என்று பேரெடுத்த சரோஜாக்கா, அந்தப் போர்ட்டிகோவில் கிசுகிசுவென்று பேசினாள். பிறகு மிச்சத்தை இறக்கி, வெறும் தண்ணீரை விட்டு விட்டு ஓட்டி, ஜாடியை மூக்கில் வைத்து முகர்ந்து, "வொலா!" என்பாள் மதாம். கூட்டம் கை தட்டும்.

கை தட்டும்! என் அடுப்படி வரைக்கும் கேட்கும். கல்யாணமான நாளிலிருந்து நானும்தான் ஃபில்டர் கழுவுகிறேன். அடைத்துக்கொண்ட ஓட்டைகளை நெருப்பில் காட்டி, தட்டித் தட்டி, விரல் சுட்டுக்கொண்டு. ஒரு ஜீவன் கை தட்டியதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், வெள்ளிக்கிழமை அவள் யாருக்கும் காபியே தரமாட்டாள். சுத்தமான மெஷினை உடனே அழுக்காக்கக் கூடாதாம். காபி தராத வீட்டில் கூட்டம். காபி ஆறிக்கொண்டிருக்கிற வீட்டில் நான்.

மற்ற நாட்களில் அவள் கொடுப்பதும் காபியா? பால் இல்லை, சர்க்கரை இல்லை, கறுப்பாக ஒரு கசப்பு. "டாக்டர் எத்தினி வருஷமா சொல்றாரு, கேட்டேனா? இவ சக்கர இல்லாம குடிக்க வச்சிட்டா பாரு" என்று சரோஜாக்கா மெய்சிலிர்த்தாள். நான் போண்டா போட்டேன். எல்லோரும் வந்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள், காபி குடிக்க அங்கே போனார்கள்.

மகளுக்குப் போன் போட்டேன். பெங்களூரிலிருந்து எனக்கும் ஒரு மெஷின் வந்தது. மதாமுடையதைவிடப் பெரியது, நீல விளக்கு வேறு எரியும். சில மாதம் ஜோராக ஓடியது. பிறகு மூலக்குளத்துத் தண்ணீர் தன் வேலையைக் காட்டியது. மெஷின் முனகியது, இருமியது, சொட்டுச் சொட்டாக விட்டது. அந்த முனகல் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று கூடவே மிக்சியைப் போட்டுவிடுவேன்.

மதாமிடம் கேட்டிருக்கலாம். அதைவிட மெஷினைத் தலையில் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது. வினிகர் வாங்கலாமென்றால், கடைக்காரர் "மதாம் சொன்னாங்களா?" என்று கேட்பார். அப்போதுதான் புளிப் பானை கண்ணில் பட்டது. பித்தளைக் குடத்தைத் தங்கமாக்குகிற புளி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை ஜெயிக்காதா? கெட்டியாகக் கரைத்து ஊற்றினேன். மெஷின் ஒரு தடவை ஏப்பம் விட்டு அமைதியானது. தண்ணீர் விட்டு ஓட்டினேன், நன்றாகவே இறங்கியது. அந்த வெற்றிக் களிப்பில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டேன். முதலில் கூப்பிட்டது மதாமைத்தான்.

கப்புகளை எடுத்துக் கொடுத்தேன். சரோஜாக்கா ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். நாக்கைச் சப்புக் கொட்டினாள்.

"மல்லிகா, இது காபியா, மீன் கொழம்புக்குக் கரைச்சி வச்சதா?"

கூடம் இடிந்தது. என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் அவருடைய கல்லே விழுந்திருக்கும். சிரிக்காதவள் மதாம் ஒருத்திதான். கப்பைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். நான் சமையலறைக்குள் போய், வெங்காயம் இல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பின்னாலேயே வந்தாள். என் மெஷின் மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து புளி நாரை எடுத்தாள். அடுத்து ஒரு புளியங்கொட்டை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஐடியா தப்பில்ல" என்றாள். "வடிகட்டியிருக்கணும்."

மெஷினை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். புருஷன் போனார், கூட்டம் போனது, கடைசியில் என் மெஷினும் அந்த வீட்டுக்கே போனதே என்று எனக்கு அதற்கும் வயிறு எரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வெள்ளைத் துணியில் அவளுடைய மெஷின் இல்லை. என்னுடையது இருந்தது. கூட்டம் வழக்கம்போல ஓரமாக நின்றது. அவள் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னைக் கூப்பிட்டு, பிரஷை என் கையில் கொடுத்தாள். அதுவரை அந்த மேசையில் இருந்த எதையும் யாரும் தொட்டதில்லை. சரோஜாக்காவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். பல மாதமாக என் கண்ணாடியில் பார்த்ததுதான்.

வினிகர் ஊற்றி, பாதியில் நிறுத்தினாள். "ஊறணும்." எல்லோரும் அடங்கினார்கள். அப்போது எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"பிரான்சுல நா ஒருத்திதான் மல்லிகா. ஒருத்தி குடிக்கிறதுல இன்னா அழுக்கு சேந்துடும்? ஆனாலும் வெள்ளிக்கிழமன்னா கழட்டிப் போட்டுத் தேய்ப்பேன். இல்லாட்டி அந்தப் பகல் போவாது. வந்த அன்னிக்கு உங்க ஊட்டுல ஒரே சிரிப்புச் சத்தம். எனக்கு இன்னா வயித்தெரிச்சல் தெரியுமா? அதான் கெட்டில பாக்கிற சாக்குல வந்தேன்."

"அடிப்பாவி! அன்னிக்கு என் காபிய நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லலியே நீ."

"வாயத் தொறந்தா அழுதுடுவேன்னு பயம். அதான் கெட்டிலயே பாத்துகினு இருந்தேன்."

நான் ரப்பர் வளையத்தைத் தேய்த்தேன். ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இப்போது காலையில் என் வீட்டில் ஃபில்டர் காபி, சாயங்காலம் அவள் வீட்டில் கறுப்புக் காபி என்று கூட்டம் இரண்டு இடத்திலும் உட்காருகிறது. போன வாரம் அவள் நோணாங்குப்பத்தில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போனாள். இரண்டு நாளில் வந்துவிடுவதாகத்தான் சொன்னாள். நேற்றுப் போன் வந்தது. குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"மல்லிகா, இங்க தண்ணி படு மோசம்! குழாய், கீசர் எல்லாம் வெள்ள வெளேர்னு கீது. நா இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வரேன்."

நல்லது, இருந்துட்டு வா என்று சொல்லிப் போனை வைத்தேன். இந்த வயதில், நோணாங்குப்பத்துத் தண்ணீரின் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.