மூணு பல்லும் ஒரு ஹேண்டில்பாரும்

டப்பாவைத் திறந்ததும் மூன்று பற்கள் கார்த்திகேஷைப் பார்த்துச் சிரித்தன.

மூடினான். மறுபடி திறந்தான். பற்கள் அப்படியேதான் இருந்தன. வளைந்த உலோகக் கம்பி, அதன் மேல் வரிசையாக மூன்று பல், அடியில் ரோஸ் நிற ஈறு. அருமையான வேலைப்பாடு. அவனே செய்ததுதான். ஆனால் அந்த டப்பாவில் இருக்க வேண்டியது மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பார்.

"ரம்யா!"

சமையலறையிலிருந்து ரம்யாஸ்ரீ எட்டிப் பார்த்தாள். "மறுபடி எதையாச்சும் கீழ போட்டுட்டீங்களா? போன வாரம் ஒரு ஸ்குரூவத் தேடுறேன்னு மூணு நாளு வீட்டைக் கூட்டவே விடல நீங்க."

"ஹேண்டில்பார் போயிருச்சு. அதுக்குப் பதிலா பல்செட் இருக்கு!"

அவர்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். பதற்றத்துக்கும் சண்டைக்கும் மட்டும் தமிழ். அக்கம்பக்கத்தாருக்கும் நியாயம் தெரியட்டும் என்பது ரம்யாவின் கொள்கை.

கார்த்திகேஷுக்குத் தொழில் பல் கட்டுவது. கோரிப்பாளையத்தில் சின்னதாக ஒரு லேப். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அவன் மெழுகில் உருவம் பிடித்து, அச்செடுத்து, உலோகத்தை உருக்கி ஊற்றி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவான். அந்த வேலை முடிந்த பிறகு அதே உலையிலும் அதே அரத்திலும் அவன் செய்வது மோட்டார் சைக்கிள். நிஜ வண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. கடையில் வாங்கி ஒட்டுகிற ரகம் இல்லை. உலகத்தில் எந்தக் கம்பெனியும் செய்யாத வண்டியாக, தானே வரைந்து, தானே வார்த்துச் செய்வான்.

இந்த வருஷத்து வண்டிக்கு முன்ஃபோர்க் நீண்டு சாய்ந்திருக்கும். பின் டயர் தடித்திருக்கும். டேங்க் ரத்தச் சிவப்பு. சங்கிலியில் தொண்ணூற்றெட்டுக் கண்ணி, ஒவ்வொன்றையும் இடுக்கியால் கோத்திருந்தான். சீட்டுக்கு ரம்யாவின் பழைய ஹேண்ட்பேக் தோல். எட்டு மாச வேலை.

மதுரை மாடல் கலைஞர்கள் வருஷா வருஷம் நடத்தும் போட்டி அன்றைக்குத்தான். பகல் பன்னிரண்டு மணிக்குள் கோச்சடை மண்டபத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். மூன்று வருஷமாக கார்த்திகேஷ் இரண்டாம் பரிசு. மூன்று வருஷமும் முதல் பரிசு சூரியபிரகாஷ். தோற்றதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மேடையிலேயே தோளில் தட்டி, "அடுத்த வருஷம் பாக்கலாம் மாப்ள" என்று அவன் ஆறுதல் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

லேப் பார்சல்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சின்னக்கருப்பனுக்கு போன் போட்டான்.

"எட்டு மணிக்கே அஸ்வினி டாக்டரம்மா கையில குடுத்துட்டேண்ணே. ரெண்டு டப்பா இருந்துச்சு. கனமா இருந்தத எடுத்துட்டுப் போனேன்."

"கனத்த வச்சா பாப்பாங்க? மேல பேரு எழுதியிருக்குல்ல!"

"கண்ணாடி கொண்டு வரலண்ணே."

ஸ்கூட்டரை ரம்யா ஓட்டினாள். பின்னால் மடியில் அட்டைப்பெட்டியும் பெட்டிக்குள் வண்டியுமாக கார்த்திகேஷ். தெப்பக்குளத்தைத் தாண்டி, போன வாரம் வரை இல்லாத வேகத்தடை ஒன்று புதிதாக முளைத்திருந்தது. ஸ்கூட்டர் ஏறி இறங்கியது. பெட்டிக்குள் 'டக்' என்றது.

"என்னங்க சத்தம்?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு," என்றான் கார்த்திகேஷ். பெட்டியைத் திறந்து பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

கிளினிக்கில் சோணை என்ற பெரியவர் பல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். செக்கானூரணிப் பக்கம் விவசாயம். அன்று சாயங்காலம் மகளுக்கு நிச்சயதார்த்தம். சபையில் பல்லோடு உட்கார வேண்டும் என்று விடிந்ததும் பஸ் ஏறி வந்திருந்தார். கார்த்திகேஷைப் பார்த்ததும் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார். உள்ளே ஹேண்டில்பார் பளபளத்தது.

"நல்ல வேளை வந்தீங்க," என்றார் அஸ்வினி டாக்டர். "நாலு தடவ கூப்ட்டேன், எடுக்கவே இல்ல. பல்லே இல்லாம வெறும் கம்பிய அனுப்பியிருக்கீங்க. சரி, மொதல்ல கம்பி பொருந்துதான்னு பாக்கச் சொல்றீங்கபோலன்னு மாட்டிப் பாத்தேன்."

"டாக்டர், அது வந்து..."

"ரெண்டு பக்கமும் நீளம். இடிச்சுது. தேச்சு விட்டுட்டேன்."

கார்த்திகேஷ் சுவரைப் பிடித்துக்கொண்டான். "எம்புட்டு?"

"ஒரு பக்கம் அஞ்சு மில்லி. இன்னொரு பக்கம் ஆறு."

"டாக்டர், அது ஹேண்டில்பாரு."

சோணை வாயிலிருந்ததை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அதான பாத்தேன். கடிக்கும்போதெல்லாம் எடப்பக்கமாவே இழுத்துச்சு."

நிஜமான பல்செட்டை மாட்டியதும் அது கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்து மூன்று விதமாகச் சிரித்துக்கொண்டார் பெரியவர். அவர் கதை சுபமாக முடிந்தது. கார்த்திகேஷின் கதைதான் அங்கே ஆரம்பித்தது.

ஹேண்டில்பாரை ஸ்பிரிட்டில் கழுவினான். துடைக்கப் பொறுமை இல்லாமல் வண்டியில் பொருத்தப் போனான். ஒரே ஒரு சொட்டு டேங்கில் விழுந்தது. ரத்தச் சிவப்புப் பெயின்ட் குழைந்து வழிய ஆரம்பித்தது. பதறிப்போய்ப் பஞ்சால் ஒற்றினான். அடியில் பூசியிருந்த வெள்ளையும் கிளம்பி வந்து சிவப்போடு கலந்து, டேங்க் முழுக்க அலை அலையாய்க் கோலம் போட்டது.

"நிறுத்துங்க, தொடாதீங்க," என்று ரம்யா கையைப் பிடித்தாள்.

ஹேண்டில்பாரில் கைப்பிடி மாட்ட இடமில்லை. டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. "ஈறு செய்யுற பவுடர் இருக்கு. நானே நீளமாக்கித் தாரேன். ரெண்டு நிமிஷத்துல எறுகிரும்."

இறுகியது. கறுப்பாக இருக்க வேண்டிய கைப்பிடிகள் இரண்டும் இப்போது ஈறு நிறத்தில் ரோஸாக மின்னின.

பிறகுதான் வேகத்தடையின் வேலை தெரிந்தது. பலகையிலிருந்து இரண்டு சக்கரமும் பிடிவிட்டு, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. தாடை அச்சு எடுக்கிற வெள்ளை மாவைக் குழைத்துப் பலகை மேல் ஊற்றி, சக்கரங்களை அதில் நிறுத்தினார் டாக்டர். குழைத்த அவசரத்தில் கொஞ்சம் மாவு பறந்து சீட்டிலும் இன்ஜினிலும் படிந்தது.

எல்லோரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றார் சோணை. "ஆனா மதுரயில எப்ப பனி பேஞ்சுச்சு?"

மணி பதினொன்றரை. கார்த்திகேஷ் பெட்டியை மூடினான். "வேணாம் ரம்யா. வீட்டுக்குப் போயிரலாம். இத வச்சா அவன் தோள்ல தட்ட மாட்டான். தலையிலயே தட்டுவான்."

ரம்யா ஹெல்மெட்டை மாட்டினாள். "எட்டு மாசமா என்கூடப் பேசுனதவிட இந்த வண்டிகூடத்தான் அதிகம் பேசுனீங்க. இன்னிக்கு நீங்க வைக்கலைன்னா நான் கொண்டுபோய் வைப்பேன். ஏறுங்க."

ஏறினான்.

மண்டபத்தின் இரண்டு ஹாலிலும் விசேஷம், முன்வாசலில் கார்கள் நகரவே இல்லை. ரம்யா சந்தில் திரும்பிப் பின்வாசலில் இறக்கிவிட்டாள். "நீங்க ஓடுங்க, நான் வண்டிய நிறுத்திட்டு வாரேன்."

கதவருகே கழுத்தில் அட்டை மாட்டிய ஆள் ஒருவர் அவன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததுமே பதறினார். "போட்டிக்குத்தான? இன்னும் ரெண்டே நிமிஷம். பேரச் சொல்லுங்க. பதினேழாம் நம்பர் மேசை. பாத்து, ஆட்டாமக் கொண்டு போங்க!"

உள்ளே ஏசி குளிரில் பல் கிட்டியது. வண்டியை மேசையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். மேடையில் பேனரின் ஒரு பாதி அவிழ்ந்து தொங்க, மறுபாதியில் 'மாபெரும் கைவண்ணப் போட்டி' என்று இருந்தது.

மற்ற மேசைகளை ஒரு பார்வை பார்த்தான். ஒரு கோட்டை, ஒரு ரயில், கால்பந்து மைதானம், கோபுரம். மனசு லேசாக நிமிர்ந்தது. ரயிலுக்கு அளவுக் கணக்கே இல்லை. சக்கரங்கள் இட்லி மாதிரி இருந்தன. கோட்டைச் சுவரில் பெயின்ட் அரை அங்குலத் தடிமன். கோபுரத்தில் பொம்மைகளுக்கு முகமே இல்லை. ஆனால் பெண்கள் நிறையப் பேர் கலந்துகொண்டிருந்தார்கள். இந்தக் கலை வளர்கிறது என்று சந்தோஷப்பட்டான்.

அதைவிடப் பெரிய சந்தோஷம், சூரியபிரகாஷைக் காணோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காணோம். 'பயந்துட்டான்' என்று நினைத்துக்கொண்டான்.

பக்கத்து மேசைப் பெண் வாயில் கை வைத்தாள். "ஆத்தி! இத நீங்களா செஞ்சீங்க? எம்புட்டு நேரமாச்சு?"

"எட்டு மாசங்க."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல குணமுள்ள பெண் என்று நினைத்தான்.

நடுவர்கள் இரண்டு பேர், கையுறை மாட்டிக்கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்ததும் அவனுக்கு மரியாதை கூடியது. போன வருஷ நடுவர் பஜ்ஜி தின்ற கையாலேயே டேங்கைத் தொட்டவர்.

நடுவரம்மா குனிந்து வண்டியைப் பார்த்தார். நிமிரவே இல்லை. அப்படியே சுற்றி வந்தார். "இந்தச் சங்கிலி... ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியா?"

"தொண்ணூத்தெட்டு மேடம்."

"கடையில வாங்கி ஒட்டலையே?"

"ஒரு துண்டுகூட வாங்கல மேடம். மெழுகுல உருவம் பிடிச்சு, அச்செடுத்து, உருக்கி ஊத்துனது."

"குமிழ் ஒண்ணுகூட இல்லயே!"

"சூடு இம்மி தப்பக்கூடாது. தப்பினா கதை முடிஞ்சுது."

"அதச் சொல்லுங்க," என்று அனுபவப்பட்டவராகத் தலையாட்டினார் நடுவரம்மா. "அப்படியே நிஜ இரும்பு மாதிரி இருக்கு."

"உலோகந்தான மேடம்."

இரண்டு நடுவர்களும் கலகலவென்று சிரித்தார்கள்.

கூட இருந்த நடுவர் கைப்பிடியைக் காட்டினார். "இந்த ரோஸ் கலர் என்ன சாமான்?"

கார்த்திகேஷுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அது... வாய்க்குள்ள வைக்கிறதுக்குன்னே தயாரிக்கிறது சார். ஒடம்புக்கு ஒரு கெடுதலும் கிடையாது."

"வெரிகுட். பல பேரு அத யோசிக்கிறதே இல்ல." பிறகு டேங்கை உற்றுப் பார்த்தார். "இந்தச் சிவப்பும் வெள்ளையும் கலந்து ஓடுதே, இது எப்படி வந்துச்சு?"

"தானா வந்துச்சு சார்."

"பெரிய கலைஞனுங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் அவர்.

நடுவரம்மா சக்கரத்துக்கடியில் இருந்த வெள்ளையையும் சீட்டின் மேல் படிந்த பொடியையும் காட்டி, "அளவாத் தூவியிருக்கார் பாருங்க," என்றார். பிறகு மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தார். "எத்தன நாளு தாங்கும்?"

"பத்திரமா வச்சா முப்பது வருஷம் மேடம்."

மறுபடி சிரிப்பு. போகிறபோது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

பையில் போன் அதிர்ந்தபடி இருந்தது. எடுத்துப் பார்த்தான். ரம்யாவிடமிருந்து ஒன்பது அழைப்புகள். பத்தாவது வந்தபோது மைக்கில் அவன் பெயர் ஒலித்தது.

"முதல் பரிசு! மேசை எண் பதினேழு, திரு. கார்த்திகேஷ்!"

கைதட்டலில் காது அடைத்தது. மூன்று வருஷமாக இடது ஓரப்படியில் நின்றவன் நடுப்படியில் ஏறினான். கழுத்தில் மாலை. கையில் கோப்பை. அதோடு இரண்டு பேர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து காலடியில் வைத்தார்கள். மேலே ஓவன் படம் போட்டிருந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சிரமம் தெரிந்தவர்கள்தான் இப்படிப் பரிசு கொடுப்பார்கள். இனி மழைக்காலத்திலும் டேங்க் பெயின்ட்டைக் காயவைக்கலாம்.

"நாலு வார்த்தை பேசுங்க," என்றார்கள்.

மைக்கைப் பிடித்தான். "காலையில இதுல ஒவ்வொண்ணாக் கெட்டுப் போச்சுங்க. கெட்டுப் போனதையெல்லாம்தான் நீங்க பாராட்டுனீங்க. திரும்பிப் போயிரலாம்னேன். என் சம்சாரம்தான் ஏறுங்கன்னா. இந்தக் கோப்பை அவளுக்கு." கோப்பையை உயர்த்திக் காட்டினான். "சூரியபிரகாஷ் இங்க எங்கயாச்சும் இருந்தா சொல்லிக்கிறேன். அடுத்த வருஷம் பாக்கலாம் மாப்ள!"

அரங்கம் அதிர்ந்தது. யார் அந்தச் சூரியபிரகாஷ் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஆனாலும் அதிர்ந்தது.

அவன் இறங்கி வந்தபோது, மண்டபத்தில் பந்தி வேலை பார்க்கிற தங்கப்பொண்ணு அக்கா அவன் மேசையருகே ஒரு கட்டுக் காகிதத் தட்டுகளோடு காத்து நின்றாள். ரிப்பன் கட்டிய நீளக் கத்தியை அவன் கையில் கொடுத்துச் சொன்னாள்:

"இந்தாங்க தம்பி, மொதப் பரிசு வாங்குன கேக்குங்கிறதால ஒங்களுதத்தான் மொதல்ல வெட்டணுமாம், அந்த முன் சக்கரத்த மட்டும் எனக்கு எடுத்து வச்சிருங்க."